பால்குடி மறந்த பிறகும் பால் வந்தால்

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 34. இளைய பிள்ளை பால்குடி மறந்து மூன்று வருடம் ஆகிறது. ஒருநாள் துவைக்க எடுத்த ரவிக்கையில் இரண்டு பக்கமும் காய்ந்துபோன வெள்ளைத் தடம். குளிக்கும்போது லேசாக அழுத்திப் பார்க்கிறார். இரண்டு காம்பிலும் பால். அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. மார்பில் ஏதாவது என்றாலே மனசு நேராகப் புற்றுநோய்க்குத்தான் ஓடும். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இந்த மாதம் மாதவிலக்கு இருபது நாள் தள்ளிப்போனது அவருக்குத் தனிக் கவலை. ரவிக்கையில் பட்ட கறையும் தள்ளிப்போன தேதியும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கர்ப்பமும் இல்லை, பாலூட்டவும் இல்லை, ஆனாலும் பால் சுரக்கிறது என்றால் அதற்கு மருத்துவத்தில் கேலக்டோரியா என்று பெயர். கிரேக்கத்தில் காலா என்றால் பால், ரோயா என்றால் ஒழுகுவது. விண்மீன் கூட்டத்தை கேலக்ஸி என்கிறார்களே, அதுவும் இந்தக் காலாவிலிருந்து வந்ததுதான். பெயர் பெரிதாக இருப்பதால் நோயும் பெரிது என்று நினைக்க வேண்டாம். பால்குடி மறக்கடித்த பிறகு சில மாதம், சிலருக்கு ஒரு வருடம் வரைகூட, அழுத்தினால் ஒன்றிரண்டு சொட்டு வருவது சாதாரணம். பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்கு வருடங்கள் கழித்து அழுத்தினாலும் ஒரு சொட்டு எட்டிப்பார்க்கும். தொடாமலே கசிந்து துணி நனைவது, கூடவே மாதவிலக்கு தள்ளுவது அல்லது நிற்பது, அடிக்கடி தலைவலி, பார்வையில் மாற்றம், இவை இருந்தால்தான் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பிரேக்கில் கால் வைத்தபடி ஓடும் வண்டி

பால் சுரக்கச் சொல்லும் ஹார்மோன் புரோலாக்டின். மூக்கின் மேல்முனைக்கு நேர் பின்னால், மூளைக்கு அடியில், எலும்பில் குடைந்த ஒரு சின்னப் பள்ளத்தில் பட்டாணி அளவில் உட்கார்ந்திருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் இதைச் சுரக்கிறது. இந்தச் சுரப்பியின் மற்ற ஹார்மோன்கள் எல்லாம் மேலே மூளையிலிருந்து 'சுர' என்று உத்தரவு வந்தால்தான் வெளியே வரும். புரோலாக்டின் மட்டும் தலைகீழ். அதைச் சுரக்கும் செல்கள் சும்மா விட்டால் சுரந்துகொண்டே இருக்கும். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி டோபமைன் என்ற வேதிப்பொருளை இடைவிடாமல் கீழே அனுப்பி, 'வேண்டாம், வேண்டாம்' என்று அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. மூளைக்கும் சுரப்பிக்கும் நடுவில் இருக்கும் காம்பு அறுந்துபோனால் மற்ற ஹார்மோன்கள் படுத்துவிடும், புரோலாக்டின் ஏறும். தடை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்றது எல்லாம் எளிது. பால் வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தடை எங்கே தளர்ந்தது என்பதுதான்.

இரண்டாவது தடை ஒன்றும் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் புரோலாக்டின் சாதாரண நாளைப் போலப் பத்து மடங்கு வரை ஏறும். ஆனால் பிரசவத்துக்கு முன்னால் பால் பெருகி வருவதில்லை. நஞ்சுக்கொடி சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் மார்பை வளர்த்துத் தயார் செய்கின்றன. அதே நேரத்தில் பாலைத் திறந்துவிடாமல் பிடித்தும் வைக்கின்றன. நஞ்சு வெளியே விழுந்ததும் அந்தப் பிடி விட்டுப்போகிறது. இரண்டு மூன்று நாளில் பால் கட்டுகிறது. பிறந்த குழந்தைக்கு, ஆணோ பெண்ணோ, மார்பு லேசாக வீங்கி ஒரு சொட்டுப் பால் வருவதும் தாயின் ஹார்மோன்களின் மிச்சத்தால்தான். நம் வீடுகளில் குளிப்பாட்டும்போது அதைப் பிதுக்கி எடுக்கும் பழக்கம் உண்டு. பாட்டிகள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அதைச் செய்யவே கூடாது. தானாக வற்றிவிடும், பிதுக்கினால் புண்ணாகிச் சீழ் கட்டும்.

மார்பைத் தயார் செய்ய ஈஸ்ட்ரோஜன் வேண்டும் என்பதால், புரோலாக்டின் ஏறியிருக்கிற எல்லாப் பெண்களுக்கும் பால் வந்துவிடாது. மாதவிலக்கு நின்ற வயதில் பலருக்குப் புரோலாக்டின் எவ்வளவு ஏறினாலும் ஒரு சொட்டும் தெரியாது. பால் ஒரு தடயம்தான். புரோலாக்டின் ஏற்றத்தின் முதல் அறிகுறி பெரும்பாலும் மாதவிலக்கில்தான் தெரியும், ஏனென்றால் கருமுட்டையை வளர்க்கும் ஹார்மோன்களை மூளையிலேயே அது அமுக்கிவிடுகிறது. பாலூட்டும் தாய்க்கு மாதவிலக்கு தள்ளிப்போவது இயற்கையின் ஏற்பாடு. அதே ஏற்பாடு பிள்ளை இல்லாத நேரத்தில் வேலை செய்தால் குழந்தைப்பேறு தள்ளிப்போகும், வருடக்கணக்கில் நீடித்தால் எலும்பும் தேயும். இங்கே ஒரு குறையைச் சொல்ல வேண்டும். மாதவிலக்கு சீராக இல்லை என்று போகும் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்து 'நீர்க்கட்டி' என்று சொல்லி அனுப்புவது இப்போது சர்வசாதாரணம். மார்பில் ஈரம் படுகிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

காஸ் மாத்திரையும் ஒரு மாத்திரைதான்

நம் கற்பனைப் பெண் கடைசியில் துணிந்து ஒரு டாக்டரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?"

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர்."

"தலைவலி, தூக்கம், காஸ்... எதுக்குமே இல்லையா?"

"காஸுக்கு மட்டும் காலையில ஒண்ணு போடுவேன். ஆறு மாசமா. அதெல்லாம் மாத்திரையா டாக்டர்?"

பாதி நோய் அந்தக் கடைசிக் கேள்வியில் பிடிபட்டுவிடும்.

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டபிரசோல், ரபேபிரசோல் போன்ற மருந்துகளால் இந்தப் பிரச்சினை பொதுவாக வருவதில்லை. ஆனால் இந்தியாவில் அவை கூட்டு மாத்திரையாகவும் நிறைய விற்கின்றன. வயிற்றை விரைவில் காலி செய்ய, குமட்டலை நிறுத்த, கூடவே டோம்பெரிடோன் அல்லது லெவோசல்பிரைடு சேர்த்திருப்பார்கள். பெயரின் வாலில் 'டி' என்று இருந்தால் பெரும்பாலும் டோம்பெரிடோன். 'எல்' அல்லது 'எல்எஸ்ஆர்' என்று இருந்தால் லெவோசல்பிரைடு. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதியிருக்கும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும் இதே கூட்டம்தான்.

இவை எல்லாம் டோபமைன் போய் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கின்றன. வயிற்றில் அப்படி அடைத்தால் வயிறு சுறுசுறுப்பாகிறது. பிட்யூட்டரியில் அடைத்தால் பிரேக் விட்டுப்போகிறது. ரத்தத்தில் வரும் பொருட்களை வடிகட்டி உள்ளே விடும் மூளையின் காவலைத் தாண்டி டோம்பெரிடோன் அவ்வளவாகப் போகாது என்பது உண்மை. ஆனால் பிட்யூட்டரி அந்தக் காவலுக்கு வெளியே இருக்கிறது, அதனால் தப்பவில்லை. பால் பற்றாத தாய்மார்களுக்குச் சில நாடுகளில் இதே டோம்பெரிடோனைப் பால் ஊற எழுதிக் கொடுப்பதுண்டு. இதயத் துடிப்பில் சிக்கல் வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் அப்படிப் பயன்படுத்துவதை எச்சரித்துத் தடுத்தது. ஓரிடத்தில் பால் ஊற என்று தேடிப் போடும் மருந்தைத்தான் நம் ஊரில் சீட்டே இல்லாமல் நெஞ்செரிச்சலுக்கு மாதக்கணக்கில் வாங்கி விழுங்குகிறோம்.

மனநோய் மருந்துகள் அடுத்த பெரிய கூட்டம். ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால் ஆகியவை டோபமைனைத் தடுத்துத்தான் வேலையே செய்கின்றன. பால் வருவது அந்த வேலையின் பக்கத்து விளைவு. இங்கே அவசரப்படக் கூடாது. பால் வருகிறதே என்று பயந்து மருந்தைத் தானாக நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து பாலைவிடப் பெரியது. எழுதிக் கொடுத்த மனநல மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ, புரோலாக்டினை ஏற்றாத அரிபிப்ரசோல் போன்ற ஒன்றுக்கு மாற்றவோ வழி இருக்கும். இவை தவிர ரத்த அழுத்தத்துக்கான மெத்தில்டோபா, வெரபமில், சில மனச்சோர்வு மாத்திரைகள், ஓபியம் வகை வலி மருந்துகள், கருத்தடை மாத்திரைகளும் சில பெண்களுக்கு இதைச் செய்யும்.

மருந்து இல்லை என்றால்? தைராய்டு. தைராய்டு குறையும்போது மூளை அதைத் தட்டி எழுப்ப டி.ஆர்.எச். என்ற ஹார்மோனை அதிகம் அனுப்பும். அது போகிற வழியில் புரோலாக்டின் செல்களையும் தட்டிவிட்டுப் போகிறது. தைராய்டு ரொம்ப நாள் கவனிக்கப்படாமல் கிடந்தால் பிட்யூட்டரியே வீங்கி, ஸ்கேனில் கட்டி மாதிரித் தெரியும். தைராக்சின் மாத்திரை கொடுத்தால் அந்த 'கட்டி' சுருங்கிப்போகும். தைராய்டு பார்க்காமல் நேரே மண்டையை ஸ்கேன் எடுக்க ஓடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

சிறுநீரகம் பழுதானால் புரோலாக்டின் வெளியேறாமல் தேங்கும். மார்புச் சுவரில் அக்கி வந்தாலும், தீப்புண், அறுவைத் தழும்பு இருந்தாலும், அங்கிருக்கும் நரம்புகள் குழந்தை பால் குடிக்கிறது என்பதுபோல மூளைக்குச் செய்தி அனுப்பிவிடும். அதே நரம்புகள்தான் இன்னொரு சங்கடத்துக்கும் காரணம். 'இன்னும் வருகிறதா' என்று தினமும் காம்பை அழுத்திப் பார்க்கும் பெண்ணுக்குப் பால் நிற்கவே நிற்காது. பார்ப்பதே பாலை வரவழைக்கிறது.

பிட்யூட்டரியில் கட்டி

இதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் இணையத்தில் தேடினால் இதுதான் முதலில் வரும். புரோலாக்டினைச் சுரக்கும் செல்களே பெருகிச் சின்ன உருண்டையாவது உண்டு, புரோலாக்டினோமா என்பார்கள். மூளையில் கட்டி என்றதும் எழும் பயம் இங்கே அவ்வளவு பொருந்தாது. பெரும்பாலும் புற்று இல்லாத கட்டி. பெண்களுக்கு வருவது பெரும்பாலும் 10 மில்லிமீட்டருக்குக் குறைவானது. அவற்றில் மிகச் சிலவே பிறகு வளர்கின்றன. பெரிதானால் மேலே போகும் பார்வை நரம்புகளின் சந்திப்பை அழுத்தும். அப்போது நேர் எதிரே இருப்பது தெரியும், இரண்டு ஓரமும் மங்கும். வாசலைக் கடக்கும்போது நிலையில் தோள் இடிப்பது, ரோட்டில் பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாமல் திடுக்கிடுவது, இப்படித்தான் தொடங்கும். பால் கசிவோடு இது சேர்ந்தால் நாள் கடத்தக் கூடாது.

எந்த வரிசையில் பார்ப்பார்கள்

முதலில் வருவது பால்தானா என்று பார்க்க வேண்டும். இரண்டு மார்பிலும், பல துளைகளிலிருந்து, வெள்ளையாக வந்தால் பால். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் கொழுப்புத் துளிகள் மிதப்பது தெரியும். ஒரு மார்பில் மட்டும், ஒரே துளையிலிருந்து, தானாக, ரத்தமாகவோ தண்ணீர் மாதிரித் தெளிவாகவோ வந்தால் அது முற்றிலும் வேறு கதை. அதற்கு ஹார்மோன் பரிசோதனையைத் தேடி நேரத்தை வீணாக்காமல் மார்பையே பார்க்க வேண்டும். மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். அங்கும் பாலறைக் குழாயில் வளரும் பாப்பிலோமா என்ற சாதாரணக் கட்டிதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஆனால் ஒரு சிறு பங்கு புற்றாக இருக்கும் என்பதால் பார்த்துத்தான் தீர வேண்டும். கையில் கட்டி தட்டுப்பட்டாலும் இதே வழி. இரண்டு பக்கமும் வருகிற வெள்ளைப் பால் புற்றுநோயின் அடையாளம் இல்லை என்பதை நம் கற்பனைப் பெண்ணுக்கு முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அந்த ராத்திரித் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

பால்தான் என்று தெரிந்தால், கர்ப்பப் பரிசோதனை. "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சு டாக்டர்" என்றாலும் பார்ப்பார்கள், கோபப்பட வேண்டாம். அப்புறம் ரத்தத்தில் புரோலாக்டின், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின்.

புரோலாக்டினுக்கு ரத்தம் கொடுக்கும் நேரம் முக்கியம். தூக்கத்தில் அது ஏறியே இருக்கும். அதனால் எழுந்தவுடன் கொடுக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கொடுப்பது நல்லது. முதல் நாள் ராத்திரியும் அன்று காலையும் மார்பைத் தொடாமல், கடும் உடற்பயிற்சி செய்யாமல், ஆய்வகத்தில் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்து கொடுக்க வேண்டும். ஊசி குத்தப்போகிறார்கள் என்ற பதற்றமே அளவை ஏற்றிவிடும். பல ஆய்வகங்களில் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு மில்லிலிட்டருக்குச் சுமார் 25 நானோகிராம் வரை இயல்பு. வேறு அலகில் தந்தால் அதே அளவு 530 என்று காட்டும். எண்ணைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம், பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். 30, 40 நானோகிராம் என்று லேசாக ஏறியிருந்தால் அந்தப் பதற்றமே காரணமாக இருக்கலாம். இன்னொரு முறை பார்ப்பது வழக்கம். மருந்தால் ஏறுவது பெரும்பாலும் 100க்குள் நிற்கும், ஆனால் ரிஸ்பெரிடோனும் மெட்டோகுளோபிரமைடும் 200ஐக்கூடத் தாண்ட வைக்கும். மருந்து ஏதும் இல்லாமல் 250ஐத் தாண்டினால் புரோலாக்டினோமா என்ற சந்தேகம் பலமாகும்.

எண் ஏறியிருக்கிறது, ஆனால் ஒரு தொந்தரவும் இல்லை, மாதவிலக்கும் சீராக இருக்கிறது என்றால் ஆய்வகத்தையே சந்தேகிக்க இடமுண்டு. சிலருக்குப் புரோலாக்டின் உடலின் எதிர்ப்புப் புரதத்தோடு ஒட்டிப் பெரிய உருண்டையாக ரத்தத்தில் சுற்றும். மேக்ரோபுரோலாக்டின் என்று பெயர். கருவி அதையும் எண்ணிவிடும், ஆனால் உடலில் அது செய்யும் வேலை சொற்பம். அதைப் பிரித்துப் பார்க்கப் பரிசோதனை உண்டு; கேட்டால் செய்வார்கள். கேட்காததால் வருடக்கணக்கில் தேவையில்லாத மாத்திரை சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள்.

எம்.ஆர்.ஐ. இதற்கெல்லாம் பிறகுதான். கர்ப்பம் இல்லை, மருந்து இல்லை, தைராய்டும் சிறுநீரகமும் சரி, அப்படியும் புரோலாக்டின் ஏறியே நிற்கிறது என்றால், அல்லது பார்வைக் கோளாறு இருந்தால், பிட்யூட்டரியைப் படம் பிடிப்பார்கள். முன்னாலேயே எடுத்துவிட்டால் என்ன நஷ்டம்? எந்தத் தொல்லையும் இல்லாத மனிதர்களைப் படம் எடுத்தால் பத்தில் ஒருவருக்குப் பிட்யூட்டரியில் சின்னப் புள்ளி ஒன்று தெரியும். காஸ் மாத்திரையால் பால் வந்த பெண்ணுக்கு அந்தப் புள்ளியும் தெரிந்துவிட்டால், அவர் வாழ்நாள் முழுக்க மூளைக் கட்டிக்காரி ஆகிவிடுவார்.

அப்புறம்?

வைத்தியம் காரணத்தைப் பொறுத்தது. தைராய்டுக்குத் தைராக்சின், மருந்துக்கு மருந்தை மாற்றுவது. புரோலாக்டின் இயல்பாக இருந்து, மாதவிலக்கும் சீராக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. புரோலாக்டினோமாவுக்குக்கூட முதல் வழி கத்தி இல்லை, மாத்திரைதான். விட்டுப்போன பிரேக்கை மருந்தாலேயே மிதிப்பது: டோபமைன் மாதிரி நடிக்கும் புரோமோகிரிப்டின் தினமும், அல்லது கேபர்கோலின் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை. புரோலாக்டின் இறங்குவதோடு கட்டியும் சுருங்கும். ஆரம்பத்தில் குமட்டல், தலைசுற்றல் வரும். சாப்பிட்டுப் படுக்கும்போது போட்டால் தாங்கலாம். மாதவிலக்கு திரும்பும் முன்பே கரு தங்கிவிடக்கூடும் என்பதால், பிள்ளை வேண்டாதவர்கள் முதல் மாத்திரையிலிருந்தே கவனமாக இருக்க வேண்டும். மாத்திரை கேட்காத சிலருக்கு மூக்கு வழியாக அறுவை செய்வார்கள்.

புரோமோகிரிப்டின் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் நிறுவனத்தில் 1960களில் உருவானது. வேடிக்கை என்னவென்றால், மனிதருக்குப் புரோலாக்டின் என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்பதே அப்போது முடிவாகவில்லை. 1930களில் அமெரிக்காவின் ஆஸ்கர் ரிடில் அந்தப் பெயரை வைத்தது புறாவைப் பார்த்து. தாய்ப்புறாவும் தகப்பன்புறாவும் தொண்டைப் பையில் ஒரு பாலைச் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும். அதைச் சுரக்க வைப்பது இந்த ஹார்மோன். மனிதரில் வளர்ச்சி ஹார்மோனே கொஞ்சம் பால் சுரக்கும் வேலையையும் செய்வதால், இரண்டும் ஒன்றுதான் என்று வெகுகாலம் நினைத்தார்கள். 1970ஐ ஒட்டி, கனடாவின் ஹென்றி ஃப்ரீசன் போன்றவர்கள்தான் இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். அதற்கு முன் ரவிக்கை நனைந்த பெண்ணுக்கு அளந்து சொல்ல எண்ணே கிடையாது.

நம் பெண்ணுக்கு வருவோம். டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார், லெவோசல்பிரைடு. புரோலாக்டின் 86. கர்ப்பம் இல்லை, தைராய்டு சரி. கூட்டு மாத்திரையை நிறுத்தி, நெஞ்செரிச்சலுக்குத் தனி மாத்திரை எழுதினார். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிக்கவும் சொன்னார். சில நாளில் எண் இறங்கிவிடும். பால் வற்ற வாரங்கள் பிடிக்கும். அதுவரை அழுத்திப் பார்க்கக் கூடாது. அடுத்த முறை போகும்போது அவர் பையில் வீட்டில் இருந்த எல்லா மாத்திரை அட்டைகளும் இருந்தன, மாமியாருடைய காஸ் மாத்திரை உட்பட.